பதினைஞ்சு அம்பியர் வீடு

கொக்குவிலில் எங்கட வீட்டுக்கு வாறது
பதினைஞ்சு அம்பியர்.
இருநூற்றி முப்பதாலை பெருக்கினால்
மூவாயிரத்து நானூற்றி ஐம்பது வாற்.
அதுக்குள்ளதான் அஞ்சு சீவன்
அவிச்சு, அரைச்சு, காத்து வாங்கிப் படுக்கிறது.

என்ர கேக் அவன் ரெண்டாயிரம் வாற்.
பின்பக்கத் தகட்டிலை கிடக்கு,
மாவைத் துடைச்சால் தெரியும்.
ஒம்பது அம்பியருக்குக் கொஞ்சம் குறைய.
அவன் எரியேக்க அயன் இல்லை, கேத்தில் இல்லை.
தண்ணி மோட்டரை மட்டும் போடலாம்,
அதுவும் நேர்த்தி வைச்சிட்டு.

சனிக்கிழமை பின்னேரம்
வாகினி மச்சாள் தலை முழுகினா.
ஸ்காபரோவிலை இருந்து வந்த ஹெயார் ட்ரையர்,
எயார்போட்டிலை வாங்கின வெள்ளை அடப்டர்.
பின் பொருந்தினால்
நாடும் பொருந்தும் எண்டு நினைச்சிட்டா.
நான் பக்கத்திலைதான் நிண்டனான்,
முழங்கை மட்டும் பட்டர்.

பலாலியிலை பிளேன் எழும்பின சத்தம்.
பிறகு மயிர் கருகின மணம்.
பிறகு
மெயின் சுவிச் விழுந்த அந்தச் சின்ன "டக்".

இருட்டுக்குள்ள அவனுக்கை
யாரோ ஒரு பிள்ளையின்ர இருபத்தோராவது பிறந்தநாள்
மெல்ல மெல்ல நடுவாலை இறங்கினது.

மச்சாள் அழேல்லை. "ஆயிரத்தைநூறு வாற்தானே," எண்டா,
"உன்ர அவனைவிடக் குறைவுதானே?"
நல்ல கேள்வி.
ரோச் வெளிச்சத்திலை கேக் பெட்டி மூடியைத் திருப்பி
நான் அதிலை எழுதினன்.

தேர் வடத்தைப் பிடிச்சிருக்கிற ஆக்கள், அம்பியர்.
ஆளாளுக்கு இழுக்கிற இழுவை, வோல்ட்.
தேர் அசையிற அசைவு, வாற்.
உங்கட ஊரிலை ஒராள் இழுக்கிறது நூற்றி இருபது,
எங்கட ஊரிலை இருநூற்றி முப்பது.
இழுவை ரெண்டு மடங்கானால்
இந்தச் சாமானுக்குள்ள
ஆக்களும் ரெண்டு மடங்கு வந்து விழுவினம்.
ரெண்டும் ரெண்டும் பெருக்கு:
ஐயாயிரத்தைநூறு வாற், மச்சாள்,
உங்கட ஒரு தலைமயிருக்கு.

அவ மூடியைக் கனநேரம் பாத்தா.
"அப்ப முப்பது அம்பியருக்கு எழுதிக் குடுக்கலாமே?"
நாலு வருசமா நான் கேக்கிறது அது.
"பாப்பம்" எண்டுதான் இவர் சொல்லுவார்.
பில் வந்தால் மட்டும்
கரண்டைக் குடிக்கிறது அவன் எண்டுவார்.
அவன் உழைக்கிற காசு
எந்தத் தகட்டிலையும் இல்லை.

குழி விழுந்த இடத்தை வெட்டி எடுத்தன்,
ஐசிங்காலை நிரவினன்.
வெட்டின துண்டை இவர்தான் சாப்பிட்டார்,
நல்லாயிருக்கு எண்டும் சொன்னார்.

அடுத்த நாள் மச்சாள்
முத்தத்து வெயிலிலை தலையை விரிச்சுக்கொண்டு
அங்கை நிண்டு கத்திக் கேக்கிறா:
"மோட்டரைப் போடட்டே?"

எட்டிப் பாத்தன். கேக் இப்பதான் எழும்புது.
இருபது நிமிசம் பொறுங்கோ, எண்டன்.