பத்தாவது புள்ளி

திருத்துறைப்பூண்டியில் உரக்கடைக்கு மேல்மாடி.
யூரியா வாசம் எங்களுக்கு முன்பே
படியேறி வந்து உட்கார்ந்திருக்கும்.
கடைமடைப் பாசனதாரர் சங்கத்துக்கு
மனு எழுத ஒரு செயலி செய்து கொடுத்திருந்தேன்.
வெறும் வெள்ளைப் பெட்டி. தட்டு, அனுப்பு. அவ்வளவுதான்.

தலைஞாயிறு தையல்நாயகி
ஒன்பது சர்வே எண்ணை
ஒன்பது வரியில் அடித்து அனுப்பினார்.
பெட்டி வரிகளைத் தின்றுவிட்டது.
தாலுகா ஆபீஸ் அச்சில்
நூற்றுப் பன்னிரண்டும் நூற்றுப் பதினாலும்
வரப்பில்லாமல் ஒன்றுக்குள் ஒன்று ஓடி
எந்தப் பட்டாவிலும் இல்லாத ஒரே வயலாகி
திரும்பி வந்தது:
புல எண் சரியில்லை.

அன்று ராத்திரியே எடிட்டர் தேடினேன்.
யாரோ எந்த ஊரிலோ எழுதி
இலவசமாய் விட்டுவைத்த நிரல்.
மூன்று வரியில் செயலிக்குள் குடியேறியது,
கூடவே முப்பத்திரண்டு பொத்தான்.

தடித்த எழுத்து, சாய்ந்த எழுத்து,
அடிக்கோடு, வண்ணம், சிரிக்கிற மூஞ்சி.
செயலாளர் அமிர்தகடேசன்
முதல் மனுவையே முழுக்கச் சிவப்பில் தந்தார்.
"கோவம் தெரிய வேணாமா மேடம்?"
மறுநாள் வண்ணத்தைப் பிடுங்கினேன்.
சாய்வெழுத்தையும்.
தமிழைச் சாய்த்தால்
அறுப்புக்கு முந்தின மழையில்
படுத்துவிட்ட பயிர் மாதிரி இருக்கிறது.

அச்சில் வேறு வம்பு.
ஐயாவுக்கு முன்னும் பின்னும்
கோண அடைப்பில் கண்ட கண்ட ஆங்கிலம்.
உதவிப் பொறியாளர் போன் போட்டு
இது என்ன பாஷை என்றார்.
வடிகட்டி எழுதினேன்:
தெரியாத குறியை நீக்கு.
வேர்டிலிருந்து ஒட்டிக்கொண்டு வரும் குப்பையை நீக்கு.
வெற்றுப் பத்தியை நீக்கு.
வெற்றுப் புள்ளியை நீக்கு.

அழிக்கும் விசையைச் சோதிக்க
நீர் என்று அடித்தேன்.
ஒரு தட்டு. தலைப்புள்ளி போய், நீர.
இன்னொரு தட்டு. நீ.
இன்னொன்று. ந.
நமக்கு இரண்டெழுத்து, அதன் கணக்கில் நான்கு.
திரும்ப அடித்து, திரும்ப அழித்து,
நீ-யில் நிறுத்திவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
கேட்கிற வார்த்தை தேய்ந்து
யாரையோ கைகாட்டுவதை.
சரிசெய்யப் போனவளை
பக்கத்து நாற்காலி சுமையா தடுத்தாள்:
"விடுங்கக்கா. கொம்பை மட்டும் மாத்த
அதான் வசதி. எல்லாருக்கும் பழகிடுச்சு."
விட்டேன்.

தை மாசக் கடைசி.
மேட்டூரை மூடப்போகிறார்கள் என்று பேச்சு.
தையல்நாயகியின் இரண்டாவது மனு வந்தது.
ஓரெழுத்துகூடத் தடிக்கவில்லை.
இன்னும் பத்து நாள் தண்ணி வேணும்.
அதன்கீழ் பட்டியல்,
எண்ணுக்கு ஒரு புள்ளி, வரிக்கு ஒரு எண்.
அழகாக நின்றது.
நானே ஒருமுறை அச்செடுத்து
சுவரில் ஒட்டலாமா என்று யோசித்தேன்.

சாயங்காலம் அவரே கூப்பிட்டார்.
"பத்துப் புள்ளி வச்சேன்.
ஒம்பதுதான் வந்திருக்கு."
தோண்டிப் பார்த்துவிட்டுச் சொன்னேன்,
பத்தாவது காலிம்மா,
எண்டரை ஒரு தடவை கூடுதலாத் தட்டியிருப்பீங்க.
"தட்டல. தெரிஞ்சேதான் விட்டேன்.
அது வாய்க்கால் புறம்போக்கு.
எம்பேர்ல நம்பர் இல்ல.
எழுதினா வில்லங்கம்.
அதுக்காக?
அதுலயும் கதிருதான நிக்கிது."

கீழே ஷட்டர் இறக்கும் சத்தம்.
கரண்ட் போய், வந்தது.
வடிகட்டியைத் திறந்து
வெற்றுப் புள்ளியை நீக்கு
என்ற வரியை நீக்கினேன்.

மாற்றத்துக்குக் காரணம் எழுது என்று கேட்டது கணினி.
என்னத்தை எழுத.
நானும் காலியாக விட்டேன்.
ஒத்துக்கொள்ளவில்லை.

ஒரு புள்ளி வைத்தேன்.
போயிற்று.