எண்பத்திரண்டு பாகை

மல்லாகம் தாண்டேக்கை முள்ளு நடுவில் நின்றது.
சுன்னாகத்தில் அசைந்தது.
மருதனார்மடச் சந்தியில், பஸ்ஸுக்குப் பின்னால் நிற்க,
சிவப்பைத் தொட்டது.

ஏசியை நிற்பாட்டி, கண்ணாடிகளை இறக்கி,
ஹீற்றரை முழுதாய்த் திறந்துவிட்டேன்.
சித்திரை மாதம். பகல் இரண்டரை.
பின்சீற்றிலிருந்து அகரன் கேட்டான்:
"அம்மா, உங்களுக்குக் குளிருதோ?"

எஞ்சினின் சூட்டில் கொஞ்சத்தை
எங்கள் முழங்கால்களுக்கு வாங்கிக்கொண்டு
கோண்டாவில் வரை ஊர்ந்தோம்.

போனற்றைத் தூக்கினேன். மூடியைத் தொடவில்லை.
ஆறட்டும்.
கொதிக்கிற எதையும் உடனே திறக்கக்கூடாது என்பது
பதினொரு வருசக் கலியாணத்தில் நானே கண்ட விதி.

கார் ஆறமுன்னம் ஆட்கள் வந்துவிட்டார்கள்.
மதிலுக்கு மேலால் மரியசீலன்:
"ஹெட் காஸ்கற் போட்டுது. எழுபத்தையாயிரம் எடுத்து வையுங்கோ."
மீன்காரர் சைக்கிளில் ஒரு கால் ஊன்றி:
"நிசான் எண்டா உப்பிடித்தான். வித்துப்போட்டு அல்ற்றோ எடுங்கோ."
வவுனியாவிலிருந்து போனில் இவர்:
"தொடாதை. ஞாயிற்றுக்கிழமை வந்து பாக்கிறன்."

அன்று செவ்வாய்.

ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் எனக்குச் சம்பளமே
ஊகிக்காமல் இருப்பதற்குத்தான்.
ஒயில் கம்பியை இழுத்துத் துடைத்துப் பார்த்தேன்:
கறுப்பு. பால்தேத்தண்ணி நிறமில்லை.
காஸ்கற் பிழைத்தது.
தண்ணி மட்டத்தில் இருந்தது. கீழே ஒழுக்கில்லை.
திரும்ப ஸ்ராட் பண்ணினேன். முள்ளு ஏற, விசிறி சுற்றியது.
மேல் குழாயைத் தொட்டேன்.

விடியக்காலமைக் கிணறு மாதிரி இருந்தது.
ஒரு சாண் தள்ளி எஞ்சின் வேகுது,
குழாய்க்குச் செய்தியே போகவில்லை.
நடுவில் எங்கேயோ ஒரு கதவு பூட்டு.

பத்தாம் நம்பர் ஸ்பனர். இரண்டு போல்ற்.
ஒன்று சுகமாய் வந்தது. மற்றது கறள்;
எண்ணெய் விட்டு, காத்திருந்து, ஏசி, திரும்ப எண்ணெய் விட்டு.
உள்ளே இருந்தது தேர்மோஸ்ரற்:
முதுகில் ஸ்பிறிங், விளிம்பில் 82 என்று பொறிப்பு,
வாயைச் சுற்றி வெள்ளைக் கல்.

கேத்தில் அடியில் சுரண்டுகிற அதே கல்.
கிணற்று வாளியால் அள்ளி அள்ளி
நாங்களே ஊற்றி வளர்த்தது.

பால் காய்ச்சும் சட்டியில் தண்ணி வைத்து
அதை நூலில் கட்டி இறக்கினேன்.
அகரன் வெப்பமானியைப் பிடித்து உரத்து வாசித்தான்:
அறுபது.
எழுபத்தைந்து.
எண்பத்திரண்டு, அம்மா, எண்பத்திரண்டு!
தொண்ணூறு. தொண்ணூற்றாறு.
தண்ணி குமிழடித்துத் துள்ளியது.
அது வாயைத் திறக்கவில்லை.

"உங்களை மாதிரி," என்றான்.
நான் அடுப்பைக் குறைத்தேன்.

கஸ்தூரியார் வீதிக் கடையில் புதியது மூவாயிரத்து நானூறு.
"ஆர் மிஸ் பூட்டப்போறது?" என்றார்கள்.
மிச்சக் காசை எண்ணி வாங்கினேன்.
அதையும் சட்டிக்குள் இறக்கிப் பார்த்தோம்.
எண்பத்து மூன்றில் மெல்ல உதடு பிரித்தது;
அகரன் கைதட்டினான், சூடான வெப்பமானியோடு.

மூடியின் உள்பக்கத்தைத் தேசிக்காய்ப்புளியால் தேய்த்தேன்.
றேடியேற்றரைத் தெளிந்த தண்ணி வரும்வரை கழுவினேன்.
கிணற்றுத் தண்ணி இனி இல்லை. பச்சைக் கூலன்ற்.
திரும்பவும் ஹீற்றர், காற்றுக் குமிழெல்லாம் வெளியே வரட்டும் என்று.
மேல் குழாய் கொஞ்சம் கொஞ்சமாய்ச் சுட்டது.
கையை எடுக்க மனம் வரவில்லை.

வியாழன் பின்னேரம் அதே சந்தி, அதே பஸ், அதே புகை.
முள்ளு நடுவில்.

ஞாயிறு இவர் வந்தார்.
போனற்றைத் தூக்கி, இரண்டு இடத்தில் தட்டி,
ஒரு சுற்று ஓடிவிட்டுச் சொன்னார்:
"ஒண்டுமில்லை. நீ சும்மா பயந்திருக்கிறாய்."

நான் வாயைத் திறந்தேன்.
தேத்தண்ணி ஆறி ஆடை கட்டும்வரை சொன்னேன்,
காரைப் பற்றியும், காரைத் தவிர்த்ததைப் பற்றியும்.

ஒரு வாசர் மிஞ்சியதை மட்டும் சொல்லவில்லை.
அது சில்லறைத் தட்டில் கிடக்கிறது;
ஒவ்வொரு குழியிலும் கிணுங்குது.