கோதுமை மாப் பசை

பசை காய்ச்சுவது என் பொறுப்பு.
ஒரு சுண்டு மா, நாலு சுண்டு தண்ணீர்,
கட்டி விழாமல் கிண்டவேண்டும்.
பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போடு என்றான் பாஹிம்,
ரியூசனில் இரசாயனத்துக்கு மட்டும் ஒழுங்காக வந்தவன்.
கடையில் கேட்டேன்.
"அதெல்லாம் இப்ப வெடிச்சாமான், தங்கச்சி,
பற்றரிகூட விக்கேலாது."
உப்புப் போட்டேன்.
அந்த உப்பை மறக்கவேண்டாம்.

யசோதரனுக்குத் தலைமயிர் தோள் வரைக்கும்.
சென்றியில் நின்றவன் பிடித்து இழுத்து
பொம்பிளையா என்று கேட்டான்.
அடுத்த கிழமை லிங்கநகர் ஒழுங்கையில்
எங்கட பெடியள் இரண்டு பேர்
அதே மயிரை அதே கையளவில் பிடித்து
சண்டைக்குப் போகிற வயசில் இதென்ன கோலம் என்றார்கள்.
இரண்டு தரப்பும் ஒத்துப்போன ஒரே விஷயம்
அவன் தலை.

எர்வினின் கிற்றாரில் நாலு கம்பி மிச்சம்.
மற்ற ஊர்களில் பழசாகிப்போன பெல்பொட்டம்
எங்களுக்கு அந்த வருஷம்தான் வந்து சேர்ந்தது.
டச்சுக்குடா மணலில் ஊரடங்கு வரைக்கும்
நாலு கம்பிக்குள் அடங்கியதை வாசித்தான்,
அடங்காததற்கு நாங்கள் வாயால் சத்தம் போட்டோம்.
கடலில் பீரங்கிப் படகு போய் வந்தது.

வசனம் யசோதரனுடையது:
எங்களைக் கேட்டா தொடங்கினீர்கள்?
அவ்வளவுதான். கீழே பெயரில்லை, சங்கமில்லை.
சிங்களத்தில் பாஹிம் எழுதினான்.
ஓரெழுத்துப் பிழைத்து
கேட்டா என்பது அழுதா என்று ஆகிவிட்டது.
திருத்தவேண்டாம் என்றோம்.

ஐந்து மணிக்கு ஊரடங்கு எடுபடும்,
ஐந்தரைக்கு வெளிச்சம்.
நடுவிலுள்ள அரைமணித்தியாலம் எங்களுடையது.
ரோனியோ மை கையில் ஒட்ட ஒட்ட
நூற்றிருபது தாள்.

ஆறு மணிக்குக் கோட்டை மான்கள் இறங்கின.
வாசிகசாலைச் சுவரில் ஒரு பெட்டை மான்
முதலில் நக்கியது,
பிறகு 'எங்களை' தின்றது,
பிறகு 'கேட்டா'.
'தொடங்கினீர்கள்' மட்டும் சுவரில் தொங்க
கிளைமான் ஒன்று வந்து அதையும் இழுத்தது.
பாண் வாங்கப் போனவர்கள் நின்று சிரித்தார்கள்.
பொலிஸ்காரனும் சிரித்தான்.
நல்ல வாசகர்கள், என்றான் எர்வின்.
யசோதரன் பேசவில்லை. பத்து மணிக்கு
என் வீட்டுப் படலையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு
"அடுத்தமுறை தாள் வேண்டாம்,
பசை மட்டும் போதும்" என்றான்.

கடற்படையின் அறிவித்தல்: இதற்கப்பால் வலை வீசத் தடை.
இயக்கத்தின் அறிவித்தல்: வீட்டுக்கு ஒருவர்.
இரண்டுக்கும் மேலே,
வெற்றிலைக்குச் சுண்ணாம்பு பூசுவதுபோல
ஓரம் வரைக்கும் பூசினோம்.
மான்கள் பாரபட்சம் பார்க்கவில்லை.
ஏழு மணிக்குச் சுவர் வெறும் சுவராக இருந்தது.
ஊரில் அப்படி ஒரு சுவரைப் பார்த்து
நாளாகியிருந்தது.

ஐந்து சனிக்கிழமை.
அம்மா மா டின்னைத் தட்டிப் பார்த்தாள்,
ஒன்றும் கேட்கவில்லை.
அந்த வாரம் இரவுச் சாப்பாடு மரவள்ளி.

ஆறாவது சனிக்கிழமை
மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் சைக்கிள் நின்றது.
கைபிடியில் வாளி.
பசை ஆறி, ஆடை படிந்திருந்தது.

அவன் அக்கா முகாமுக்குப் போனாள்.
பிறகு தோணியேறி மூதூர்ப் பக்கம் போய்
மற்றவர்களிடமும் கேட்டாள்.
எங்களிடம் இல்லை.
எங்களிடம் இல்லை.
இரண்டாவது தடவையாக ஒத்துப்போனார்கள்.

அவளிடமிருந்தது அடையாள அட்டைப் படம்,
எண்ணெய் வைத்து வகிடெடுத்த பள்ளிக்கூடத் தலை.
இதை வைத்து யார் கண்டுபிடிக்கிறது?
எர்வின் கறுப்புப் பேனையால்
தோள் வரைக்கும் மயிர் வரைந்தான்,
காதடியில் கொஞ்சம் அதிகமாகவே.

நான் பசை காய்ச்சினேன்.
உப்புப் போடவில்லை.

விடியப் பார்த்தேன்:
வாசிகசாலைச் சுவரில் அதே பெட்டை மான்
அவன் நெற்றியில் மூக்கை வைத்து
கொஞ்ச நேரம் நின்றது,
பிறகு பக்கத்துச் சுவருக்குப் போனது.