தேதி போடாத ஃப்ளெக்ஸ்

செக்காலை ரோட்டில் என் கடை.
காதுகுத்து, கட்சி மாநாடு, கண்ணீர் அஞ்சலி
எல்லாம் ஒரே மெஷினில்தான் வெளியே வரும்.
ஐப்பசி பிறந்தால் சவரிமுத்து அண்ணன் வருவார்,
மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர்.
சட்டைப் பையில் தபால் உறை,
உறைக்குள் பிளாஸ்டிக் தாள்,
தாளுக்குள் அவள்.

கோமளா தேவநாதன்.
பதின்மூன்று செவ்வாய்க்கிழமைகள்
இரவு எட்டரை மணிக்கு
ஒரு குடும்பத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்த அண்ணி.
இடது புருவத்தை மட்டும் தூக்குவாளாம்.
கோட்டையூரே எழுந்து நின்று சபிக்குமாம்:
"வெளங்குவாளா இவ!"
நான் அப்போது பிறக்கவில்லை.

படம், ஓடிக்கொண்டிருந்த டி.வி.யை எடுத்த படம்.
சிங்கப்பூர் கேமராவோடு வந்த மச்சினன்
பெட்டிக்கு முன் மண்டியிட்டு எடுத்தது.
முகத்தின் குறுக்கே கறுப்புப் பட்டை,
கன்னத்தில் ஃபிளாஷ் ஒரு குட்டிச் சூரியன்,
கண்ணாடியில் நிழலாக
ஏழெட்டுத் தலைகள், ஒரு கை, ஒரு செம்பு.

முதல் வருடம் கேட்டேன்:
இந்த வெள்ளையையும் தலைகளையும் எடுத்துடட்டுமா,
ரெண்டு நிமிஷ வேலை.
"தொடாதே தம்பி.
இது என் பெரிய மக. இது எதிர்வீட்டு உண்ணாமலை ஆச்சி.
செம்பு வச்சிருக்கிறது என் வீட்டுக்காரி."
நீங்க எங்கண்ணே?
"நான் டிரான்ஸ்ஃபார்மர்ல."

அந்தக் காலத்தில் கரண்ட் சொல்லிக்கொண்டு போகாது.
செவ்வாய் எட்டரைக்கு மட்டும் போகக்கூடாது என்று
சைக்கிளை அதனடியில் சாத்திவிட்டு
அரைமணி நேரம் காவல் நின்றிருக்கிறார்,
யாரும் கேட்காமலே.
தெருவில் ஒன்பது பெட்டிகள்.
ஒன்பதிலும் அவள் ஒரே சமயத்தில் பேசுவாள்.
பக்கத்து வளவிலிருந்து முந்தி,
கடைசி வளவிலிருந்து ஒரு இம்மி பிந்தி,
இருட்டில் அவரிடம் வந்து சேர்ந்தது குரல் மட்டும்.
"விஷம் வைக்கும்போதுகூட
இனிப்பாப் பேசுவாய்யா."
ஆக, அந்தப் புருவத்தை அவர் பார்த்ததே இல்லை.
படத்திலும் அது
சரியாகக் கறுப்புப் பட்டைக்கு அடியில்.

பிறந்த தேதி?
தேடிப் பார்த்தேன். அந்தப் பெயரில்
கோயம்புத்தூர் பல் டாக்டர் ஒருவர்தான் வந்தார்.
ஏதோ வாரப் பத்திரிகைப் பேட்டியில் சொன்னாளாம்:
"ஐப்பசியில், நல்ல மழையில் பிறந்தேன்."
எந்த நாள் என்று கேட்க
நிருபருக்குத் தோன்றவில்லை.

அதனால் தேதி போடுவதில்லை.
"இன்று பிறந்தநாள் காணும்" என்று அடித்து
சுருட்டி வைத்துவிடுவேன்.
ஐப்பசியில் முதல் நல்ல மழை என்று வருகிறதோ
அன்றைக்குத்தான் இன்று.

இந்த வருடம் மாதம் தேய்ந்துகொண்டே போனது.
வானம் வெளுத்த வேட்டி.
சுருள் கல்லாவுக்குப் பின்னால் தூசி தின்றது.
காலையில் ஒரு போன், மாலையில் ஒரு போன்:
"கல்லுக்கட்டிப் பக்கம் தூறுதா?"
இல்லண்ணே. அவங்களுக்கு இந்த வருஷம் வயசே ஏறாது போல.
அவர் சிரிக்கவில்லை.

இருபத்தெட்டாம் தேதி, நாலு மணி.
முதலில் கரண்ட் போனது,
பிறகு வெளிச்சம்,
பிறகு எதிர்க்கடையின் தகரக்கூரை
பேச ஆரம்பித்தது.
டிவிஎஸ்ஸில் சுருளைக் குறுக்கே வைத்துக்கொண்டு
நனைந்தபடி கோட்டையூருக்குப் போனேன்.
"கம்பத்துல மட்டும் கட்டாதே" என்றார்,
ஓய்வு பெற்று எத்தனை வருடம் ஆனாலென்ன.
பேருந்து நிறுத்தத்துக் கம்பியில் கட்டினோம்.

ஒதுங்கி நின்றவர்கள் பார்த்தார்கள்.
யாருப்பா, வேட்பாளரா? என்றான் ஒரு பையன்.
இன்னொருவர் செல்போனுக்குத் திரும்பிவிட்டார்.
மழைத்தண்ணீர் அவள் கன்னத்துச் சூரியன் மேல் ஓடியது,
அழியவில்லை.

அப்போது குடையும் காய்கறிப் பையுமாக ஒரு பெண்,
ஐம்பதைத் தாண்டியிருக்கும்,
நின்றாள்.
குடையைச் சாய்த்து அண்ணாந்து பார்த்தாள்.
"அடியாத்தீ. வெளங்குவாளா இவ" என்றாள்,
எங்கோ தொலைத்த சிநேகிதியைப் பிடித்துவிட்ட குரலில்.
எங்கள் பக்கம் திரும்பி
இடது புருவத்தை மட்டும்
மெள்ள
மேலே தூக்கிக் காட்டிவிட்டு,
வந்த பேருந்தில் ஏறிப் போய்விட்டாள்.

சவரிமுத்து அண்ணன்
பேருந்து போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"அப்படித்தானா" என்றார்.