வருகையின் நோக்கம்

பத்தரமுல்லை, குடிவரவு அலுவலகம்.
கையில் எழுபத்து மூன்றாம் எண் துண்டு.
பதினோராவது முறையாக அதே படிவம்,
அதே கட்டம்: வருகையின் நோக்கம்.
பத்து வருஷமும் ஒரே சொல்லைத்தான் எழுதினேன்.
இந்த வருஷம் பேனா அங்கே நின்றுகொண்டது.

திசையன்விளையிலிருந்து புறப்பட்டபோது
உனக்கென்ன, பாஷை படிக்க வேண்டாம் என்றார்கள்.
தமிழ்தானே, ஒரு மணி நேர விமானம்தானே.
பர்மாவுக்குப் போன ரூபவதிக்குத்தான்
அகராதி வாங்கிக் கொடுத்தார்கள்.

முதல் ஞாயிறு. கொட்டாஞ்சேனை, தகரக் கூரைக் கூடம்.
நேற்றிரவு கர்த்தர் என்னோடு பேசினார்
என்று தொடங்கினேன்.
முன்வரிசையில் ஞானேஸ்வரி அக்காவின் முகம் சுருங்கியது.
ஆராதனை முடிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்:
"ஆண்டவர் பேசுற அளவுக்கு
என்ன பிழை விட்டீங்க சிஸ்டர்?"

இங்கே பேசுவது என்றால் திட்டுவது.
மனிதர்கள் கதைப்பார்கள்.
அன்றுமுதல் என் கடவுளும் கதைக்கிறார்,
என் அப்பா வீட்டில் பேசியவரைவிடக்
கொஞ்சம் தணிந்த குரலில்.

தோட்டம் என்றார்கள். பூ இருக்கும் என்று போனேன்.
புளூமெண்டால் பக்கம், தோள் இடிக்கும் சந்து,
நூற்றுப் பதினாறு கதவு, ஒரு குழாய்.
குழாயடி இரண்டு மொழியில் சண்டை போட்டது.
தண்ணீர் வந்ததும் இரண்டிலும் நிறுத்தியது.
கைப்பிரதிகளை நீட்டினேன்.
இரண்டு கையாலும் வாங்கி
வெயிலுக்கு விசிறிக்கொண்டார்கள்.
மரியாதையை விசுவாசம் என்று எண்ணி
முதல் அறிக்கையில் நாற்பத்தாறு ஆத்துமா என்று எழுதினேன்.
பாளையங்கோட்டையில் கைதட்டினார்களாம்.
அந்த நாற்பத்தாறை இன்னும் நான் திருத்தவில்லை.

வெசாக் அன்று சோமலதா
விளாம்பழச் சாற்று வாளியோடு சந்து முனையில் நின்றாள்.
குடிக்கலாமா என்று நான் மனசுக்குள்
வசனம் தேடிக்கொண்டிருந்தேன்.
அதற்குள் என் போத்தலை வாங்கி
நிரப்பி மூடித் தந்துவிட்டாள்.
அறிக்கையில் அதற்குக் கட்டமில்லை.

போன ஜூனில் அம்மா இறந்துபோனாள்.
பாஸ்போர்ட் இதே கட்டடத்தில்
ஏதோ ஒரு மேசையில் முத்திரைக்குக் கிடந்தது.
பெட்டியை மூடுவதை ஃபோனில் பார்த்தேன்.
படம் நின்று நின்று வந்தது,
ஆணி அடிக்கும் சத்தம் நிற்கவில்லை.

கதவைத் திறந்தால் சந்து முழுக்க வெள்ளைக் கொடி.
ரிஸ்வி நானா கடைத் துணி, சோமலதா மகனின் முடிச்சு.
பிணமில்லாத செத்த வீடு.
எங்கிருந்தோ பிளாஸ்டிக் கதிரைகள், இஞ்சிப் பிளேன்டீ.
ஆண்கள் விடியும்வரை கேரம் அடித்தார்கள்.
யாரும் ஆறுதல் சொல்லவில்லை.
எத்தனை செத்த வீடுகளில்
செருப்பைக் கழற்றுமுன்பே நான் சொல்லியிருப்பேன்.

ஞானேஸ்வரி அக்கா ஒன்றுதான் கேட்டாள்:
"அம்மாக்கு என்ன கறி விருப்பம்?"
சாளை, புளி கூட்டி, என்றேன்.
சாளை என்றால் எந்த மீன் என்று
மூன்று வீடு, இரண்டு மொழி விசாரித்து
நடுச்சாமம் ஆகிவிட்டது.

மூன்றாம் நாள் சட்டியோடு வந்தது.
படையலா சாப்பாடா என்று நான் கேட்கவில்லை.
இரண்டு தட்டு வைத்தாள்.
ஒன்றில் நான் சாப்பிட்டேன்.
மற்றதைப் பற்றி
இதுவரை யாரிடமும் கதைத்ததில்லை.

எழுபத்து மூன்று.

அதிகாரி படிவத்தைத் திருப்பிக் காட்டினார்.
"மிஸ், மேக ஹிஸ்னே."
காலியாக இருக்கிறதாம்.
தெரியும் என்றேன்,
எந்த மொழியில் சொன்னேன் என்று ஞாபகமில்லை.
பின்னால் வரிசை முணுமுணுத்தது.
போன வருஷக் கோப்பைப் புரட்டி
என் கையெழுத்திலிருந்த சொல்லைக் கண்டுபிடித்து
அவரே எழுதிக்கொண்டார்,
நீல மையில்,
ஓர் எழுத்தை விட்டுவிட்டு.