ஈயக் கணக்கு

படகு ஐந்து. ஆள் பதினேழு.
முழங்கால் முப்பத்துநாலு,
அதில் சொன்னபடி மடங்குபவை பதினொன்று.
இரண்டு அமலோற்பவத்துடையவை:
ரிட்டயர்டு நர்ஸ், ஐம்பத்தெட்டு வயசு,
சுக்கான் பிடித்தால் கேள்வி கேட்க முடியாது.
இவற்றை வைத்து மாசியில் பாய்ப்போட்டி நடத்த
முட்டம் துறைமுகத்தில், ஐஸ் பிளாண்டுக்குப் பின்னால்,
கூடினோம்.

படகுக்கு நாலு பேர் என்பது சட்டம்.
மூன்று என்று திருத்தி எழுதினேன்.
மிஞ்சும் இரண்டு பேரைச் சீட்டு தீர்மானிக்கட்டும்.

சிக்கல் அதில் இல்லை.
கச்சான் ஏறினால் ஒருவன் பலகையில் கால் ஊன்றி
முதுகு அலையைத் தொட வெளியே தொங்க வேண்டும்.
யார் தொங்குவது?
எல்லோரும் மேசையைப் பார்த்தோம்.
டீ ஆறியது.

வெல்டிங் பட்டறை ததேயுஸ் பேசமாட்டான்.
பில் புத்தகத்தின் பின்பக்கம் ஒரு படகு வரைந்தான்.
அதன் வயிற்றுக்குக் கீழே, தலைகீழாக,
சுறாவின் முதுகுச் செட்டை.
"நுனியில ஈயம்" என்றான்.

கிழிந்த வலைகளின் குண்டெல்லாம் வந்தன,
ஹார்லிக்ஸ் பாட்டிலில், தலையணை உறையில்,
ஒருவர் மருமகளுக்குத் தெரியாமல் கைலி மடிப்பில்.
உருக்கி வார்த்து ஏலக்கூடத் தராசில் நிறுத்தோம்.
படகுக்கு எழுபத்தெட்டு கிலோ.

மஸ்கட்டில் இருக்கும் என் மகனும் ஏறக்குறைய அவ்வளவுதான்.
அவன் தொங்கிய பலகையைக் கழற்றும்போது போன் போட்டேன்.
சிரித்தான். பிறகு சொன்னான்:
"அது ஆழத்துலல்லா தொங்குது,
என்னைவிட நல்லா பிடிக்கும்."

மற்ற திருத்தங்கள்:
மணலில் இனி படகு ஏறாது, செட்டை தட்டும்.
தூண்டில் வளைவுக்கு உள்ளேயே கட்டிவைக்க வேண்டும்.
மூன்று சுற்று இனி ஒன்றரை.
ஐம்பது நிமிஷத்துக்கு மேல் எந்தச் சுற்றும் போகக்கூடாது
(காரணத்தைக் குறிப்பேட்டில் எழுதவில்லை,
அறுபது தாண்டிய ஆண்களுக்குத் தெரியும்).
அறுபதுக்கு மேல் வயசு ஒன்றுக்கு ஐந்து விநாடி சலுகை.
நாற்பது வருஷமாக வயசைக் குறைத்தே சொன்ன சவேரியான்
எழுந்து நின்று அறிவித்தான்:
"எனக்கு எழுபத்தொண்ணு."

சீட்டு, இரை டப்பாவில் குலுக்கியது,
தியோப்பிலையும் அவர் மச்சினன் பனியடிமையையும்
ஒரே படகில் போட்டது.
ஒரு மதில், இரண்டு தென்னை, பதினோரு வருஷ மௌனம்.
மாற்றித் தரக் கேட்டார்கள், தனித்தனியாக வந்து.
விதி இல்லை என்றேன்.
சுக்கானில் அமலோற்பவம் இருந்தாள்,
நான் கவலைப்படவில்லை.

மிஞ்சிய இருவர் நானும் ததேயுஸும்.
நடுவர் படகில் எனக்கு விசில்,
அவனுக்கு வேலையே இல்லை,
ஐந்து படகின் அடியையும்
தண்ணீர் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்று மணிக்குக் கச்சான்.
வெளி மிதவையில் திரும்பும்போது
ஐந்தும் ஒன்றாகச் சாய்ந்தன.
இன்னும் சாய்ந்தன.
வேளிமலை பாய்களுக்குப் பின்னால் போய்விட்டது.
பிறகு, கீழிருந்து யாரோ காலைப் பிடித்ததுபோல்
நின்றன.
பக்கத்தில் ததேயுஸ் மூச்சு விட்டது கேட்டது.

பழக்கத்தில் தியோப்பில் எழுந்துவிட்டார், தொங்க.
பலகை இல்லை.
உட்கார்ந்தார். செய்ய ஒன்றுமில்லாத கைகளோடு
எதிரே யாரையாவது பார்த்தாக வேண்டும்.
பனியடிமை தாமானைச் சுற்றிய கையோடு
பாயை இறுக்கிக்கொண்டே இருந்தார்.

"விடும் வேய்."

காற்று எங்கள் பக்கம் அடித்ததால் கேட்டது.
விட்டார்.
அதற்கு மேல் அவர்கள் பேசினார்களா தெரியாது,
படகு தூரம் போய்விட்டது, வேகமாகவும்.

நாலாவதாக வந்தார்கள்.
சவேரியான் முதல், சலுகை விநாடிகளோடு.
ஆட்சேபணை வந்திருக்கிறது,
ஞானஸ்நானப் புத்தகம் பார்க்கப் பங்குப் பணியாளரிடம்
அனுமதி கேட்டிருக்கிறோம்.

அடுத்த மாசிக்கு நாலு படகு என்கிறார்கள்.
ஒரே படகு வந்தால் கடிகாரத்தோடு ஓட்டலாம்,
அதற்கும் ஒரு விதி எழுதிவைத்திருக்கிறேன்.
எனக்கு அறுபத்தெட்டு ஆகும்.
நாற்பது விநாடி.
சீட்டில் மட்டும் பெயர் வர வேண்டும்.