பதினெட்டாம் நாள், கூத்தன்குழி

முதலில் தாடை.
கடலில் பிறந்தது எதுவானாலும் தின்றாக வேண்டுமே.
முதுகு அப்புறம்.

கண்ணாடித் தட்டில் இருபது கொடுவாக் குஞ்சு.
சதை தெளிந்துவிட்டது.
குருத்தெலும்பு நீலம், எலும்பு சிவப்பு;
சாயம் அப்படித்தான் பிரித்துச் சொல்லும்.
வால்நுனியில் தண்டு மேலே மடங்க
அடியில் விசிறியாய் நீலக் குச்சிகள்.
ஒன்றிரண்டின் நடுவில் மட்டும்
தேரிமண் ஒட்டினாற்போல் சிவப்பு.

ஏழுக்கு நடுமுதுகு குழிந்திருந்தது.

"தொட்டி மேல எண்ணெய் படிஞ்சு கெடந்துச்சாட்டி?"
கித்தேரி அக்கா கேட்டாள்.
நாலாம் ஐந்தாம் நாளில் மேலே வந்து
ஒரு மிடறு காற்று விழுங்கணும் குஞ்சு.
படலம் மறித்தால்
காற்றுப்பை சுருங்கியே கிடக்கும்;
முங்காமலிருக்கத் தலைதூக்கி நீந்தி நீந்தி
முதுகு வளையும்.

பார்க்கலை என்றேன்.

பார்த்தேன்.
அன்று ஞாயிறு. பூசைக்குத் தலைவாரின கையை
முழங்கைவரை தொட்டிக்குள் விட்டிருந்தேன்.
வானவில் துண்டொன்று மிதந்தது.
அழகாயிருக்கே என்று
கொஞ்சநேரம் நின்றுகூட இருந்தேன்.

காற்றாடி இறக்கையின் நிழல்
பதிவேட்டின்மேல் வந்து வந்து போகிறது.
வளைவு: ஏழு.
காரணம்:
பேனா அங்கேயே நிற்கிறது.
நீல மை.